வட்டி வேண்டாம் என்பவருக்கு வங்கியில் தனி கவுன்டர் உண்டா?

பழனிசெட்டிபட்டியில் ஒருவர் லோடு ஆட்டோ வாங்கித் தொழில் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 5 லட்சம் ரூபாய். பக்கத்திலேயே தேனி, அங்கே வங்கிகளுக்குப் பஞ்சமில்லை. கடனும் கிடைக்கும். ஆனால் வட்டி வாங்குவதும் கூடாது, கொடுப்பதும் கூடாது என்று அவருடைய மார்க்கம் சொல்கிறது. அதனால் அவர் வங்கிப் படி ஏறுவதில்லை. சொந்தக்காரரிடம் கைமாற்று கேட்பார், வீட்டு நகையை விற்பார், இல்லையென்றால் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்பார். பைத்துல்மாலில் அவசரத்துக்குச் சின்னத் தொகை கிடைக்கலாம். வண்டி வாங்கும் அளவுக்குக் கிடைப்பது கஷ்டம்.

இதே ஆள் கோலாலம்பூரிலோ கொழும்பிலோ இருந்தால் கதை வேறு. அங்கே வங்கி அவருக்குப் பணம் தராது, வண்டியையே வாங்கித் தரும். 5 லட்சத்துக்கு வங்கி தன் பெயரில் வாங்கி, 6 லட்சத்துக்கு அவரிடம் விற்கும். மாதம் 15,000 ரூபாய், 40 தவணை, கணக்கு முடிந்தது. இதற்கு ‘முராபஹா’ என்று பெயர்.

“இது பெயரை மாற்றிய வட்டிதானே?” என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். இஸ்லாமிய அறிஞர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்தில் வித்தியாசம் உண்டு. விற்கும்வரை வண்டி வங்கியுடையது; அதற்குள் அது சேதமானால் நஷ்டமும் வங்கிக்கே. இரண்டாவது, 6 லட்சம் என்று பேசிவிட்டால் அது 6 லட்சம்தான். தவணை தப்பினால் வட்டிக்கு வட்டி ஏறாது. தாமதத்துக்கு அபராதம் வாங்கினாலும் அது தர்மத்துக்குப் போக வேண்டும், வங்கியின் லாபத்தில் சேரக் கூடாது என்பது வழக்கமான விதி. கந்து வட்டியில் மாட்டி மீண்டவர்களிடம் கேட்டால் இந்த இரண்டாவது விஷயத்தின் அருமை தெரியும்.

டெபாசிட் போடுகிறவருக்கும் இத்தனை சதவீதம் என்ற உறுதி கிடையாது. லாபம் வந்தால் பங்கு, வராவிட்டால் இல்லை. சில வகைக் கணக்குகளில் போட்ட பணமே குறையவும் வாய்ப்புண்டு. ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

மலேசியா 1983-ல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டுத் தனி வங்கி தொடங்கியது. 1993-ல் சாதாரண வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவு வைக்கலாம் என்று அனுமதித்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு கவுன்டர், இரண்டு கணக்குப் புத்தகம். இந்தப் பணமும் அந்தப் பணமும் கலக்கக் கூடாது. இலங்கை 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. அங்கே 2011-ல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. பழைய வங்கிகள் சிலவும் தனிப் பிரிவு திறந்தன. பிடித்தவர்கள் அந்தக் கவுன்டருக்குப் போகிறார்கள், மற்றவர்கள் வழக்கம்போல இந்தக் கவுன்டருக்கு.

இந்தியாவில்? 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு, வட்டியில்லா வங்கிச் சேவையைப் பெரிய அளவில் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. 2015-ல் ரிசர்வ் வங்கி அமைத்த தீபக் மொகந்தி குழு, வங்கிகளில் தனிக் கவுன்டர் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில் ஒரு ஆர்.டி.ஐ. கேள்விக்குப் பதில் வந்தது: இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெற விரிவான, சமமான வாய்ப்பு இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

மதத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் சட்டச் சிக்கல் நிஜம். 1949-ம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-வது பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. லோடு ஆட்டோவை வாங்கி விற்பது அந்த இடத்திலேயே அடிபட்டுவிடும். வீடு என்றால் வங்கி வாங்கும்போது ஒரு முத்திரைத்தாள் கட்டணம், நம்மிடம் விற்கும்போது இன்னொன்று. பிரிட்டன் இந்த இரட்டைக் கட்டணத்தை 2003-ல் சட்டம் போட்டு நீக்கியது. மனம் வைத்தால் தீர்க்க முடிகிற சிக்கல்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

முறையான கதவு மூடியிருந்தால், ஆட்கள் வேறு கதவைத் தட்டுவார்கள். பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ‘வட்டி இல்லை, ஹலால் லாபம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் வெளிநாடு போய்விட்டார், அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. ஜூலையில் அவர் கைதானார். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கல்யாணத்துக்கு, ஹஜ்ஜுக்கு, பிள்ளைகள் படிப்புக்குச் சேர்த்த காசு. வங்கி டெபாசிட் என்றால் 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

இப்போதைக்கு வட்டியைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். கரன்ட் அக்கவுன்ட்டில் வட்டியே வராது, ஆனால் குறைந்தபட்ச இருப்பு அதிகம் வைக்க வேண்டியிருக்கும். சேமிப்புக் கணக்கில் வரும் வட்டியைத் தனியே எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஷரியா விதிப்படி பங்குகளைத் தேர்வு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளும் இருக்கின்றன. டாடா எத்திக்கல் ஃபண்ட் அப்படி ஒன்று. சந்தை இறங்கினால் அதுவும் இறங்கும். யாராவது ‘ஹலால் லாபம், மாதா மாதம் நிச்சயம்’ என்று பணம் கேட்டால், அந்த நிறுவனத்துக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்று ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி ஏற்பாட்டில் நடக்கும் தளம் அது. புகாரும் அங்கேயே கொடுக்கலாம். லாபத்தில் பங்கு என்று சொல்லிவிட்டு ‘நிச்சயம்’ என்று சேர்த்துச் சொன்னால், இஸ்லாமிய வங்கியின் சொந்தக் கணக்குப்படியே அது பொருந்தாது.