கோல்கீப்பரை வெட்டாதீங்க

கடலை பிடுங்கின காட்டுல பசங்க மூங்கில் நட்டு ஃபுட்பால் ஆரம்பிச்சுட்டாங்க. ஆட்டம் முடியறதுக்குள்ள நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்பில் ஐம்பது படம் வந்து விழுது. பாதிப் படத்துல முதுகு. மீதியில வானமும், நடுவே எறும்பு மாதிரி பத்துப் பேரும்.

எடுக்கறவங்க முதல்ல வரப்புல உட்காருங்க. சின்னப் பசங்களை நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலைதான் தெரியும். உட்கார்ந்து எடுத்தா அதே பையன் ஆளா நிமிர்ந்து வருவான், பந்தும் வானத்துல தெரியும். கோல் கம்பத்துக்குப் பக்கத்துல இடம் பிடிங்க, ஓடி வர்ற முகமெல்லாம் நம்மளைப் பார்த்து வரும். சாயங்கால வெயில் நம்ம முதுகுல விழணும். போன்ல ப்ரோ மோடு இருந்தா ஷட்டரை 1/1000 வையுங்க. காலும் பந்தும் நின்னு தெரியும், உதைச்ச மண்ணு கூட அப்படியே அந்தரத்துல நிக்கும்.

ஜூம் வேண்டாம். பந்து ஃப்ரேமை விட்டுப் போயிடும். கொஞ்சம் அகலமா எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கலாம். 12 மெகாபிக்சல் படத்துல நீளம், அகலம் ரெண்டையும் பாதியாக்கினாலும் 3 மெகாபிக்சல் மிஞ்சும். 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு அது தாராளம்.

இப்ப வெட்டற விஷயம். இதுலதான் எனக்கு வருத்தம்.

ஓடறவனுக்கு முன்னாடி இடம் விடாம வெட்டினா சுவத்துல முட்டப் போற மாதிரி இருக்கும். கணுக்கால்ல வெட்டாதீங்க, பார்க்கவே வலிக்கும். இதெல்லாம் சின்னச் சமாச்சாரம். கோல் போட்டவனை மட்டும் வெட்டி எடுத்து, கீழே கிரீடம் ஒட்டி அனுப்பறாங்களே, அதைத்தான் சொல்றேன். அவன் யாரைத் தாண்டினான், யார் பாய்ஞ்சும் தவறவிட்டான்னு தெரியாத படம் எப்படிங்க ஆட்டத்தோட படமாகும்? அது பாஸ்போர்ட் போட்டோ.

1982 உலகக் கோப்பையில, அர்ஜென்டினா - பெல்ஜியம் ஆட்டத்துல ஸ்டீவ் பவல் எடுத்த படம் பலரும் பார்த்திருப்பீங்க. மரடோனா காலடியில பந்து, எதிர்ல ஆறு பெல்ஜியம்காரங்க. அதுல மரடோனாவோட முதுகுதான் தெரியும்! அந்த ஆறு முகத்தாலதான் அது படம். உண்மையில அவங்க ஃப்ரீகிக்குக்குச் சுவர் கட்டி நின்னு கலையறவங்க. ஆட்டத்துல 1-0ன்னு ஜெயிச்சதும் பெல்ஜியம்தான். அந்த ஆறு பேரை வெட்டிட்டா என்ன மிஞ்சும்?

கிரீடம் ஒட்டின படம் ஒண்ணு போன வாரம் குரூப்பில் வந்துச்சு. எட்டாம் வகுப்புப் பையன், எதிரணி கோல்கீப்பர், என்கிட்ட வந்து, "ஏன் மாமா, அதுல என் கை மட்டும் இருக்குது?"ன்னு கேட்டான். ஓரமா ஒரு கை, அஞ்சு விரலும் விரிஞ்சு. அவங்கம்மா அந்தக் கையைப் பெருசாக்கி ரெண்டு மூணு தடவை பார்த்தாங்களாம். கிளவுஸ் கிடையாது, வெறுங்கை. அன்னிக்கு அவன் தடுத்த பந்து நான் எண்ணினதே ஏழு, விட்டது ஒண்ணு.

வெட்டாத முழுப் படம் யார் போன்ல இருக்குதோ, தயவுசெஞ்சு அனுப்பி வைங்க. பிரிண்ட் நான் போட்டுக் கொடுத்துடறேன்.