சுகருக்கும் ஒரு சிட்டை போடுவோம்

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், மேலப்பாவூர், ஆவுடையானூர், குலசேகரப்பட்டி, திப்பணம்பட்டி, கல்லூரணி மற்றும் சுற்று வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

நாங்கள் சர்க்கரை நோயோடு பல வருடமாக வாழ்கிறவர்கள். சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர், மூட்டை தூக்குகிறவர், மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவர், பீடி சுற்றும் தாய்மார், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பலரும் எங்களில் உண்டு. டாக்டர் யாரும் இல்லை. அதனால் மருந்து சொல்ல நாங்கள் வரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி, உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்க வந்திருக்கிறோம்: உங்கள் சுகர் அளவை எழுதி வையுங்கள், எழுதியதை வீட்டார் கண்ணில் படும்படி வையுங்கள்.

நம் தினசரிச் சந்தையில் விடிவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது. எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மூட்டை, கிலோ என்ன விலைக்குப் போனது என்று சிட்டையில் ஏறாமல் ஒரு பெட்டி தக்காளி வெளியே போகாது. நேற்று வெண்டைக்காய் என்ன விலை என்றால் வியாபாரி யோசிக்காமல் சொல்வார். பீடி சுற்றும் அக்காவுக்கு இந்த வாரம் வாங்கிய இலையும் தூளும் எவ்வளவு, கொடுத்த பீடி எவ்வளவு என்பது மனப்பாடம். அவர்களிடமே “உங்களுக்கு சுகர் எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். “இருக்கு, கொஞ்சம் இருக்கு” என்பார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்கள்தான். அந்தக் ‘கொஞ்சம்’ எங்களுக்கு என்ன செய்தது என்று கேளுங்கள்.

எங்களில் ஒரு அண்ணாச்சி மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, லாரி வந்துவிட்டதே என்று சாப்பிடாமல் லோடு இறக்கப் போனார். பத்து மணி வாக்கில் வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. “காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாரு” என்று பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர் வாழ்நாளில் குடித்தவரே இல்லை. டீக்கடைப் பையன் ஒருவன் தன் அம்மாவுக்கும் இப்படி வருவதைப் பார்த்திருந்ததால், ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்தான். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். பத்து வருடமாகக் கூட வேலை பார்த்தவர்களுக்கு அவருக்கு சுகர் இருப்பது தெரியாது. தெரிந்தால் லோடுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று மறைத்து வைத்திருந்தார்.

இன்னொருவர் பீடி சுற்றும் அக்கா. ஒரு முறை பரிசோதனையில் அளவு சரியாக வந்ததும், “நார்மல்னு வந்துட்டு, இனி மாத்திர எதுக்கு?” என்று நிறுத்திவிட்டார். மாத்திரை வேலை செய்ததால்தான் நார்மல் என்று வந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, கால் கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்தது. வலி தெரியவில்லை, காலில் உணர்ச்சி எப்போதோ மரத்திருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சிட்டை ஒன்று இருந்திருந்தால், மாதா மாதம் ஏறிக்கொண்டே போன அளவை அவரோ மகளோ பார்த்திருப்பார்கள்.

இது இரண்டு பேர் கதை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் நம் தெருக்காரர்களும் இருக்கிறார்கள்.

எந்த அளவு எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் பார்க்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை இருந்தால் வாசலில் நிற்கிறீர்கள். 126-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மறுபடியும் பார்த்து நோய்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டாக்டர்கள் சொல்லும் இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு மாறும். உங்கள் இலக்கை டாக்டரிடமே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிட்டைக்கு நான்கு கட்டம் போதும்: தேதி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு, என்ன சாப்பிட்டோம். மாத்திரையில் மட்டும் இருப்பவர்கள் தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாலே உடம்பின் போக்கு தெரிந்துவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் கணக்குப்படி அடிக்கடி பார்க்க வேண்டும். சுகர் பார்க்கும் மிஷினின் விலை கையைக் கடிக்கிறது என்றால் நாலு வீடு சேர்ந்து ஒரு மிஷின் வாங்கலாம். ஆனால் குத்தும் ஊசியும் அதை மாட்டும் பேனாவும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். மாற்றிக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றக்கூடும்.

எழுத ஆரம்பித்த பிறகுதான் எங்கள் சாப்பாடு எங்களுக்கே புரிந்தது. ராகி நல்லது என்று கூழாகக் கரைத்து இரண்டு செம்பு குடித்த அண்ணாச்சிக்கு அன்று 200-ஐத் தாண்டியது. நைசாக அரைத்துக் கரைத்த தானியம் எதுவும் ரத்தத்தில் சீக்கிரம் ஏறிவிடும். அதே ராகியை முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடையாகச் சாப்பிட்ட நாளில் அவ்வளவு ஏறவில்லை. கருப்பட்டிக் காப்பி சுகரை ஏற்றாது என்று எங்களில் பலர் நம்பியிருந்தோம். கருப்பட்டியில் பெரும்பங்கு இருப்பது சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பனைமரத்து மேல் நமக்கு உள்ள பாசத்தை நோட்டுப்புத்தகம் பார்ப்பதில்லை. பார்டர் பரோட்டா தின்ற ராத்திரிக்கு மறுநாள் காலை அளவே சாட்சி சொல்லும்.

ஒன்றைச் சொல்லும்போது எங்களுக்கே மனம் கனக்கிறது. நம் சந்தையிலிருந்து அவரைக்காயும் புடலங்காயும் கத்தரிக்காயும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகின்றன. ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து நாம் சாப்பிடும் தட்டில் மலைபோலச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும். தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் இருக்கட்டும்; கால்பங்கு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை; மீதிக் கால்பங்கு சோறு. காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சுகர் மெதுவாக ஏறும். இதற்கு வெளியூர்ச் சாமான் எதுவும் தேவையில்லை.

நடையும் அப்படித்தான். பல மணி நேரம் பீடித்தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, முற்றத்தில் மூன்று நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களிடம், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களைவிட நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களிடம் குறைந்தது 26.4 சதவீதம். ஏற்கெனவே நோய் வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு இரண்டுமே வேண்டும்.

இன்சுலின் என்றால் கடைசிக்கட்டம் என்று அழுகிற வீடுகளைப் பார்க்கிறோம். 1922 ஜனவரியில் டொரண்டோ நகரத்தில் 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி முதன்முதலில் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கவே முடிந்தது. உயிரைக் கொடுத்த மருந்தைப் பார்த்து நாம் ஏன் பயப்பட வேண்டும்? வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் புதுப் பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் மருந்துப் பாட்டிலை ஒரு டப்பாவில் வைத்து நிழலில் வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

சுகர் ஏறுவதைப் போலவே இறங்குவதும் ஆபத்து. 70-க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி, பேச்சுக் குழப்பம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்ததும் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

சிட்டையின் ஓரத்தில் ‘கால்’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்து ஒரு டிக் போட்டால் போதும். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும், மாலை போட்டுச் செருப்பைக் கழற்றுகிறவர்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கண்ணையும் சிறுநீரையும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, அதையும் எழுதுங்கள்.

இனி ஊராரிடம் சில வேண்டுகோள்கள்.

விசேஷ வீட்டுக்காரர்களே, “ஒரு நாள்தானே, சும்மா சாப்பிடுங்க” என்று இலையில் அல்வாவை வைக்காதீர்கள். வேண்டாம் என்கிறவரை ஒரே தடவையில் விட்டுவிடுங்கள். அதுவே பெரிய உபசரிப்பு. டீக்கடை அண்ணாச்சிமாரே, சீனியைக் கேட்டுப் போடுங்கள். மில் முதலாளிகளே, கமிஷன் கடைக்காரர்களே, சுகர் உள்ளவருக்கு வேளைக்குச் சாப்பிட கால் மணி நேரம் கொடுங்கள். உண்மையைச் சொன்னவரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களே, இன்சுலின் போடும் பிள்ளை வகுப்பில் மிட்டாயை வாயில் போட்டால் திட்டாமல், என்ன செய்கிறது என்று கேளுங்கள். கோயில் விரதமோ ரமலான் நோன்போ தவக்கால உபவாசமோ இருக்க விரும்புகிறவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரை அளவைப் பேசிக்கொள்ளுங்கள்.

முப்பது வயது தாண்டிய எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கே இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் தங்கையைத் திண்ணையில் உட்காரவைத்து, உங்கள் சிட்டையைக் காட்டுங்கள். மாத்திரை வருவது தள்ளிப்போனால் காத்திருக்காமல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

புது நோட்டு வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் பால் கணக்கு எழுதுகிறோம். நாளைக் காலை அந்தக் கட்டத்தில், அரை லிட்டருக்குப் பக்கத்தில், உங்கள் சுகரையும் எழுதுங்கள். மருமகள் பார்க்கட்டும், பேரன் கேட்கட்டும். மறைக்க வேண்டிய கணக்கு இது இல்லை.

இப்படிக்கு,
பாவூர்சத்திரம் வட்டாரத்தில் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும்