மொரிஸ் மைனருக்குப் புது ஷொக் போடப் போகிறீர்களா? முதலில் காரின் அடியைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் சில வீட்டு வாசல்களில் மொரிஸ் மைனர் நிற்கிறது. வாப்பாமார் ஓடிய கார், இப்போது மகன்மார் கையில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு மவுசு கூடியது. கூடவே சஸ்பென்ஷனை "அப்கிரேட்" செய்யும் ஆசையும் வந்துவிட்டது.

ஆசை பிழையில்லை. ஆனால் பலர் செய்யும் வரிசை பிழை என்பதே என் கருத்து.

இது அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். பின்னாளில் மினியைத் தந்தவரும் அவர்தான். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீண்ட உருக்குத் தண்டு ஒன்று முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. அதுதான் டோர்ஷன் பார். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஷொக் அப்சோர்பர் எண்ணெய் ஊற்றும் பழைய லீவர் வகை.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. முன் லீவர் ஷொக்கின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையும். அதைக் கழற்றி வீசிவிட்டு நீள ஷொக் மாட்ட முடியாது. சாதாரண கிட்களில் பழையது அப்படியே இருக்கும், புதியது பக்கத்தில் சேரும். அதில் தேய்மானம் இருந்தால் புது ஷொக் போட்டும் அந்த ஆட்டம் போகாது.

அதைவிட முக்கியமானது ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் இதில் மரையாக இறங்குகிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் தண்டு கழன்று சக்கரம் மடிந்து விழும். சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் தப்பிக்கலாம். அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றரில் நடந்தால்? ஜாக் அடித்து, சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு கிரீஸ் அடித்தால்தான் உள்ளே நன்றாக இறங்கும். இதற்குப் போகும் செலவு ஒரு டின் கிரீஸ்.

வெள்ளவத்தைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நமது ஒழுங்கைகள் கடலில் போய் முடிகின்றன. உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. இந்தக் காரில் பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம் துருப்பிடிப்பதற்குப் பேர்போனது. துருப்பிடித்த இரும்பில் இறுக்கமான ஷொக்கைப் பூட்டினால், ஒவ்வொரு குழியின் அடியும் அந்த இரும்பில்தான் இறங்கும். முதலில் வெல்டிங், பிறகு ஷொக்.

அடுத்தது பிரேக். கொம்பனி கொடுத்தது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சஸ்பென்ஷன் நன்றானால் கார் ஆடாது, ஓட்டுபவருக்குத் தைரியம் வரும், வேகம் கூடும். பிரேக் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குப் போடுங்கள்.

காரைத் தாழ்த்துவது பற்றிக் கேட்கவே வேண்டாம். மழைக்கு வெள்ளம் நிற்கும் கொழும்பில், படத்துக்கு அழகாக இருக்கும், பாதைக்கு உதவாது.

என் வரிசை இதுதான்: துரு, ட்ரனியன், புஷ், டயர், பிரேக். இவை சரியான பின் பின்பக்கத்துக்கு நீள ஷொக் போடுங்கள். கண்டி, புத்தளம் என்று நீண்ட பயணம் போகிறவர்களுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். முன்பக்கம் கடைசியில்.

இந்த வேலை தெரிந்த பாஸ்மார் வயதாகி ஒதுங்குகிறார்கள். பஞ்சிகாவத்தையில் சாமான் தேடலாம், கைப்பழக்கத்தைத் தேட முடியாது. இங்கிலாந்துக்கே மொரிஸ் மைனர் பாகங்கள் செய்து அனுப்பிய நாடு இது. இளைஞர்களே, கிட் வாங்கும் முன் ஒரு பழைய பாஸிடம் காரைக் காட்டுங்கள். பக்கத்தில் நின்று அவர் செய்வதைப் பாருங்கள்.

பெருநாள் லீவுக்கு அந்தக் காரில் ஏறப்போவது உங்கள் உம்மாவும் பிள்ளைகளும். அவர்கள் நம்மிடம் உள்ள அமானிதம்.