வெட்ட வெட்ட வாழ்ந்த காடு

பட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, சேற்றில் கிடைத்த மகரந்தத் தூளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றால் நம்மில் பலர் நகைப்போம். ஆயினும் காடுகளின் பழைய வரலாறு பெரும்பாலும் அவ்வாறே எழுதப்படுகிறது.

மகரந்தத்தின் புறத்தோல் எளிதில் அழியாதது. காற்றுப் புகாத சதுப்புச் சேற்றில் ஆண்டுதோறும் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாது கிடக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் லெனார்ட் வான் போஸ்ட் 1916-இல் இம்முறையை அறிஞர் அவையில் விளக்கினார். எந்த ஆழத்தில் எந்த மரத்தின் தூள் எவ்வளவு என்று எண்ணினால், அங்கு நின்ற காடு எவ்வாறு மாறிற்று என்பது புலப்படும். இங்கிலாந்தின் ஆதிக் காடு ஓக் மரக்காடு என்றே பலர் எண்ணியிருந்தனர். தாழ்நிலங்கள் பலவற்றில் லிண்டன் மரமே மிகுந்திருந்தது என்பதைச் சேறுதான் காட்டிற்று.

சேறு சொல்லாததை ஏடு சொல்லும். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கம் (1939–2015) ஹேலி என்னும் சிறு காட்டைப் பற்றி 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் பெருந்துணையாய் நின்றது, ஈலி ஆயரின் நிலங்களை அளந்து 1251-இல் எழுதிய ஏடு. ஹேலிக் காடு 80 ஏக்கர் என்று அதில் கண்டிருக்கிறது. (பங்கின் பழைய கணக்கேடுகளைச் செல்லரிக்க விடுவோர் கவனிப்பார்களாக!)

இதனினும் வியப்பானது சஃபோக் வட்டாரத்து பிராட்ஃபீல்டு காடு. இது புனித எட்மண்ட் பெயரால் விளங்கிய ஆசீர்வாதப்பர் சபை மடத்துக்கு உரியதாயிருந்தது. காட்டைப் பகுதி பகுதியாய்ப் பிரித்து, முறை வைத்து மரங்களைத் தரையோடு வெட்டுவர். கரும்பில் மறுதாம்பு தழைப்பதுபோல் அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். சில ஆண்டுகளில் வேலிக் கழியும் விறகும் கிடைக்கும். வெளிச்சம் பட்ட தரையில் ஆக்ஸ்லிப் என்னும் இளமஞ்சள் மலர்கள் பூத்துக் குலுங்கும். இவ்வழக்கத்துக்கு 1252 முதல் சான்று உண்டு. 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னன் மடத்தைக் கலைத்தான். வெட்டும் முறையோ நிற்கவில்லை. அங்குள்ள ஓர் ஆஷ் மரத்தின் அடிக்கட்டை பதினெட்டு அடி அகலம். அதன் வயது ஆயிரம் ஆண்டு என மதிப்பிட்டனர். வெட்டாது விட்டிருந்தால் அம்மரம் என்றோ பட்டுப்போயிருக்கும் அன்றோ?

எல்லா மரத்துக்கும் இது பொருந்தும் என்று நாம் கூறவரவில்லை. பைன் மரங்களுள் பெரும்பாலானவை வெட்டினால் தழைப்பதில்லை. ஆனால் கோடரியே காட்டின் பகைவன் என்று மேடையில் முழங்குவோர் பிராட்ஃபீல்டின் கதையை ஒருமுறை படிப்பது நலம். எழுநூறு ஆண்டுக் கோடரிக்குத் தாங்கிய காட்டின் ஒரு பகுதியை 1960-களில் வேரோடு பெயர்த்து வயலாக்கிவிட்டனர். எஞ்சியதை இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் விலைகொடுத்து வாங்கியதால் தப்பியது. இன்றும் குளிர்காலத்தில் முறைப்படி ஒரு பகுதியை வெட்டுகின்றனர். தளிரை மான்கள் மேய்ந்துவிடாதபடி சுற்றிலும் வேலியிடுகின்றனர்.