அசல் சான்றிதழ்களையும் கட்டணத்தையும் திருப்பித் தராதது தொடர்பாக நான்காவது முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், பெற்றோர் சங்கம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், செங்கல்பட்டு.

நகல்: கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: உயர்கல்வி – தனியார் கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைப்பது, கட்டணத்தைத் திருப்பித் தர மறுப்பது – நடவடிக்கை கோருதல்.

பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது.

முதல் மனுவில் எழுதியதையே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாவது மனுவுக்கு வந்த பதிலைப் பார்த்தால், முதல் இரண்டையும் யாரும் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்த முதல் மனுவில் இம்மாவட்டத்தின் கல்லூரி நிலவரத்தைச் சொல்லியிருந்தோம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் வந்தாலும் சரி, ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கம் பக்கம் போனாலும் சரி, ஏதாவது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வளைவு கண்ணில் படும். 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்பது பி.காம்., இல்லையென்றால் பி.எஸ்சி. அதை அரசுக் கட்டணத்தில் படிக்க, 1970-ல் தொடங்கிய செங்கல்பட்டு ராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, பெரும்பாக்கம் அரசு கலை அறிவியல் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறித்தவக் கல்லூரியில் உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் அது பிள்ளையின் யோகம். சுயநிதிப் பிரிவு என்றால் கணக்கே வேறு.

இடம் குறைவு என்பதைவிட, எது முந்தி வருகிறது என்பதுதான் எங்களைக் கொல்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு தனியார் நிறுவனங்களிலிருந்து போன் வருகிறது. "இன்னைக்கே கட்டினா சீட் உறுதி, நாளைக்குன்னா சொல்ல முடியாது" என்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வோ தேர்வு முடிவு வந்து, விண்ணப்பம் போட்டு, தரவரிசை வந்த பிறகுதான். பொறியியல் கலந்தாய்வு அதற்கும் பின்னால். இதற்கிடையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க எந்தப் பெற்றோருக்குத் தைரியம் வரும்? கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் இது. வேறு பஸ் வந்துவிட்டால் அங்கே துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். இங்கே துண்டு போனது போனதுதான்.

ஜூலையில் கொடுத்த இரண்டாவது மனுவில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னோம். மறைமலைநகரில் நாலு வீடுகளில் வேலை செய்யும் ஒரு தாய். மகள் அரசுப் பள்ளி மாணவி. ஏப்ரலில் கம்மலை அடகு வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் 30,000 ரூபாய் கட்டினார். முடிவு வந்ததும் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. சான்றிதழ் கேட்டு வியாழக்கிழமை போனால், கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை போனால், "குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததும், ஆண்டுக் கட்டணத்தின் மீதியைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். திங்கட்கிழமை அரசுக் கல்லூரியில் சேரக் கடைசி நாள். டி.சி. இல்லாமல் அங்கே எப்படிச் சேர்ப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்.

கட்டிய பணத்துக்கான ரசீதை அந்தத் தாய் பாங்க் பாஸ்புக்குக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு: "கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." ரசீது எண் மங்கிப்போயிருந்தது. ஸ்டாம்பு மட்டும் பளிச்சென்று இருந்தது.

இந்த ஸ்டாம்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே எங்கள் வாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. சேர்க்கைக்கு முறைப்படி அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும். அதில் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், நடைமுறைச் செலவாகப் பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் கழிந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகுதான் ஒன்றும் கிடையாது. எழுத்து மூலம் கேட்ட 15 நாளுக்குள் பணம் கைக்கு வந்தாக வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையொப்பமிட்ட நகலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவம் அல்லது ஒரு ஆண்டுக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது. இத்தனையும் அந்த ஒரே அறிவிக்கையில் இருக்கிறது. 2022-லும் 2024-லும் மானியக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட தேதிவரை விலகினால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது.

இதே பொருளில் கொடுத்த மூன்றாவது மனுவுக்கு வந்த பதில் இரண்டு வரி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் வராதவை, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. ஆனால் மேலே சொன்ன 2018 அறிவிக்கை பல்கலைக்கழகங்களையும், அவற்றில் இணைந்த கல்லூரிகளையும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாடு யாருடையது என்று நாங்கள் கேட்கவே இல்லை. தாங்கள் அந்த நிறுவனங்களுக்கு உத்தரவு போட வேண்டும் என்றும் கேட்கவில்லை. தங்கள் எல்லைக்குள் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் டி.சி. பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பூட்டியவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் அதிகாரம் இல்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, சேர்க்கைக் காலம் தொடங்குமுன் மாவட்டத்திலுள்ள எல்லா உயர்கல்வி நிறுவனங்களின் பதிவாளர்களையும் முதல்வர்களையும் அழைத்துத் தங்கள் தலைமையில் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். மேற்படி அறிவிக்கையின் சாரத்தைத் தமிழில் செய்திக்குறிப்பாக வெளியிட்டு, எல்லா மேல்நிலைப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்ட வேண்டும். சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்று ஒவ்வொரு நிறுவனமும் வாசலில் எழுதிப் போட வேண்டும். சதவீதமெல்லாம் அந்த நாளை வைத்துத்தான் கணக்கு என்பதால், அதை மட்டும் சொல்லாமல் மழுப்புகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை சான்றிதழ் மீட்புக்கென்று ஒரு அலுவலரை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணை அறிவிக்க வேண்டும்.

கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அசல் சான்றிதழ் வேறொரு நிறுவனத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதித் தரும் மாணவரை, நகலை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்து, அசலைக் கொண்டுவர 15 நாள் அவகாசம் கொடுங்கள். இந்த ஒரு சலுகை சென்ற ஆண்டே இருந்திருந்தால் இரண்டாவது மனுவை எழுதும் வேலையே எங்களுக்கு இருந்திருக்காது.



இம்மனுவை "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதிலோடு முடித்துவிட வேண்டாம். அனுப்பினால் எந்தத் துறைக்கு, எந்த ந.க. எண்ணில் என்பதையும் எழுதி அனுப்பவும். கூட்டம் நடத்த முடியாது என்றால், அதையும் காரணத்தோடு எழுத்தில் கொடுக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், 2018 அறிவிக்கையின் நகல், மேலே சொன்ன ரசீதின் நகல். ரசீதின் அசலை ஜெராக்ஸ் எடுத்த அன்றைக்கே அந்தத் தாயாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.