மனைக்குற்றமா, மனக்குற்றமா?

பழைய வீடொன்று விலைக்கு வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், பர்மாத் தேக்கிலே கடைந்த தூண், தெருவோரம் திண்ணை, திண்ணையைத் தாண்டினால் ரேழி, அதைத் தாண்டினால் கூடம், கூடத்தின் நடுவே வானம் தெரியும் முற்றம், அப்பால் அடுக்களை, அதற்கும் அப்பால் கொல்லை. அகலமோ பதினைந்து அடி; நீளமோ நூறு அடிக்கு மேல்! மகனுக்கு மணமானபோது ஓர் அறை, பேரன் பிறந்தபோது ஓர் அறை எனத் தலைமுறைக்கொரு சுவர் எழுந்ததால், படிக்கட்டு ஒரு மூலையிலே முளைத்திருக்கிறது. கிணறு மற்றொரு மூலையிலே கிடக்கிறது. எந்த நூலின் இலக்கணத்துக்கும் அடங்காத அமைப்பு. இத்தகைய வீடுகள் கும்பகோணத்திலே உண்டு, மதுரையிலே உண்டு, மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னமும் உண்டு.

விற்க வருபவர் யார்? பெரும்பாலும் செல்வச் சீமான் அல்லர். கணவனை இழந்த மூதாட்டியாக இருக்கலாம். மகளின் படிப்புக்கும் மனைவியின் மருத்துவத்துக்கும் பணம் தேடும் ஓய்வுபெற்ற எழுத்தராக இருக்கலாம். வாங்க வருபவரும் கோடீசுவரர் அல்லர். இருபதாண்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்று சேர்த்துக்கொண்டு வருபவர். விற்பவருக்குத் தேவை நியாயமான விலை. வாங்குபவருக்குத் தேவை நம்பகமான வீடு. இருவரும் நேருக்கு நேர் நின்று பேசினால் ஒரு நாளிலே முடிந்துவிடும்.

ஆனால் இருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நுழைகிறார். கையிலே திசைகாட்டி, வாயிலே வடமொழி, நெற்றியிலே கவலைக்கோடு. சுவரைத் தட்டிப் பார்த்தாரா? இல்லை. உத்திரத்தைக் கறையான் அரித்திருக்கிறதா என்று நிமிர்ந்து நோக்கினாரா? இல்லை. தாய்ப்பத்திரம் கேட்டாரா? அதுவும் இல்லை. திசைகாட்டியின் முள் ஆடி அடங்கியதும் தீர்ப்பு வருகிறது: "ஈசானியத்திலே படிக்கட்டு! கன்னி மூலையிலே கிணறு! போதாக்குறைக்குத் தெருக்குத்து!"

மூன்றே சொற்றொடர்கள்! வீட்டிலே ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. விலை மட்டும் பெயர்ந்து விழுகிறது. வாங்க வந்தவர் அஞ்சி ஓடுகிறார். அல்லது அஞ்சியவர்போல நடித்துப் பேரத்தைத் தாழ்த்துகிறார். அடுத்து வருபவரும் அதே மூன்று சொற்றொடர்களைக் கேட்டுக்கொண்டே வருகிறார். முடிவிலே மூதாட்டி மண்ணின் விலைக்கு வீட்டைக் கொடுக்கிறாள். அவளுடைய கண்ணீரை எந்த மூலையிலே கணக்கெழுதுவார் இந்த வாஸ்து வல்லுநர்?

குற்றம் கண்டவரே மருந்தும் விற்பதுதான் இந்த வாணிபத்தின் மாண்பு! செப்புத் தகட்டைப் பதித்தால் தீருமாம். கண்ணாடியை மாட்டினால் திரும்பிவிடுமாம். சிறியதொரு பிரமிடை வைத்தால் சரியாகிவிடுமாம். தகடு ஒன்றால் தீரக்கூடிய தீமைக்காகவா இத்தனை இலட்சம் குறைத்தீர்கள்? தகட்டால் தீராதென்றால், தகட்டை ஏன் விற்கிறீர்கள்? இரண்டிலே ஒன்றுக்கேனும் விடை வேண்டுமல்லவா?

"முன்னோர் நூல் ஐயா, முன்னோர் நூல்!" என்பார்கள். நல்லது, முன்னோர் நூலையே புரட்டிப் பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டிலே உச்சயினியைச் சேர்ந்த வராகமிகிரர் எழுதியது பிருகத் சம்ஹிதை. மனை நூலார் பெருமையோடு எடுத்துக்காட்டும் ஏடு. அந்த ஏடு வீட்டின் அகலத்தை எப்படி வகுக்கிறது தெரியுமா? பார்ப்பனனுக்கு 32 முழம், சத்திரியனுக்கு 28, வைசியனுக்கு 24, சூத்திரனுக்கு 20, அவனுக்கும் கீழே என்று ஒதுக்கப்பட்டவனுக்கு 16! காற்றுக்காக வகுத்த அளவா இது? வெளிச்சத்துக்காக வகுத்த அளவா? குடும்பத்திலே எத்தனை பேர் என்று எண்ணி வகுத்ததா? பிறந்த வயிற்றைப் பார்த்து வகுத்த அளவு!

மயமதம் என்னும் மற்றொரு நூல் மண்ணுக்கே வருணம் பூசுகிறது. வெண்ணிற மண் முதல் வருணத்துக்கு, செந்நிறம் இரண்டாவதற்கு, பொன்னிறம் மூன்றாவதற்கு, கரிய மண் நான்காவதற்கு. தோழர்களே! காவிரிக் கரையின் கரிய வண்டல் அல்லவா நமக்குச் சோறு போட்டது! நெல்லை விளைவிக்கும் நிறத்துக்கு நாலாம் இடம்! இன்று நம் வீட்டுக்கு வந்து மூலைக்கு மூலை குற்றம் சொல்கிறாரே, அவர் கையிலிருக்கும் முழக்கோல் நம் வீட்டை அளக்கு முன்பே நம்மை அளந்து, கீழே வைத்துவிட்ட முழக்கோல். அந்தக் கோலைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டு வருகிறோமே, இதைவிட இழிவு வேறென்ன வேண்டும்?

"அதெல்லாம் பழங்கதை, வருணத்தைத் தள்ளிவிட்டோம், இப்போது வாஸ்து என்பது வெறும் அறிவியல், ஞாயிறும் காற்றும் பற்றிய கணக்கு" என்று புதுவேடம் புனைந்து வருவோரும் உண்டு. வரவேற்போம்! அறிவியல் என்று சொன்னால் அறிவியலின் கேள்விக்கு விடை சொல்லித்தானே ஆகவேண்டும்?

சென்னையிலே ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. காசுமீரத்திலே ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்பதில்லை. அங்குள்ள வீட்டுக்கும் இங்குள்ள வீட்டுக்கும் ஒரே விதியா? அடுக்களை தென்கிழக்கிலே, அக்கினி மூலையிலேதான் இருக்கவேண்டும் என்கிறார்கள். சென்னையிலே கோடைப் பிற்பகலின் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தென்கிழக்கு மூலையிலே அடுப்பை மூட்டினால், புகையும் வெக்கையும் வீடு முழுவதும் பரவும். நுழையவேண்டிய குளிர்காற்றுக்கு அடுப்பே காவலாக நிற்கும். கோவையிலோ, தென்மேற்குப் பருவக் காலத்திலே பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று பாய்கிறது. கடலூருக்கு ஒரு காற்று, கோவைக்கு ஒரு காற்று. சாத்திரம் மட்டும் ஒன்று! காற்றைப் பார்த்து வகுத்த விதியானால் காற்றுக்கேற்ப மாறவேண்டாமா? மாறாத விதி மறைக்கு ஆகும், அறிவியலுக்கு ஆகாது.

மனையடி சாத்திரத்தையும் சற்றே பார்ப்போம். அறையின் அகலம் இத்தனை அடியானால் ஆதாயம். ஓர் அடி கூடினால் அழிவு என்று பட்டியல் போடுகிறது கடைத்தெருவிலே விற்கும் நூல். அளப்பவர் எந்த நாடாவால் அளக்கிறார்? ஆங்கிலேயன் கொண்டுவந்த அடிக்கோலால். அந்த அடியின் நீளம் 0.3048 மீட்டர் என்று ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி உறுதி செய்தது 1959இலே! நம் தலைவிதி அந்த உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை காத்திருந்ததா? தச்சு முழத்தால் அளந்து கட்டிய பாட்டன் வீட்டை ஆங்கில அடியால் அளந்து, "அழிவு" என்று தீர்ப்புக் கூறுவது நகைப்புக்கு உரியதல்லவா?

நாளும் பார்த்து, மனையும் பார்த்துக் கட்டிய வீடுகள் அழியாமல் நின்றனவா? செட்டிநாட்டைப் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீளும் மாளிகைகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அடுக்கடுக்காக விரியும் அமைப்பு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர். மனை நூல் அறிந்தவர்களைக் கேட்டுத்தான் கட்டினார்கள். 1942இலே சப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அந்த மாளிகைகளுக்குப் பொருள் வந்த வழியே அடைபட்டது. எந்த ஈசானியம் தடுத்தது? எந்தக் கன்னி மூலை காத்தது? செல்வம் வந்தது கடல் கடந்த வாணிபத்தால். போனது உலகப் போரால். இன்று பங்காளிகள் பலராகிப் பராமரிக்க வழியின்றிப் போன வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளிலே தனித்தனியே விலை போகின்றன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலே 2014இல் இடம்பெற்ற ஊர்களின் வீடுகள், உடைத்து விற்றால்தான் ஊதியம் என்ற நிலைக்கு வந்துவிட்டன! அங்கே ஆராயவேண்டியது பங்காளிகளின் வழக்கையும் பொருளாதாரத்தையும், திசைகாட்டியை அல்ல.

தனி மனிதனின் மடமை அவன் வீட்டோடு போகும். ஆள்வோரின் மடமை நாட்டின் கருவூலத்திலே கை வைக்கும். 2015இலே தெலங்கானத்தின் முதலமைச்சராக இருந்தவர், தம் தலைமைச் செயலகத்தின் வாஸ்து சரியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2020இலே அந்தக் கட்டடங்கள் இடிபட்டன. 2023 ஏப்ரலிலே புதிய செயலகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியிலே நடந்த தேர்தலிலே அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது! இழந்ததற்கு வாஸ்து காரணமென்று நாம் சொல்லமாட்டோம், வாக்காளர் காரணம். வாழ்வுக்கும் தாழ்வுக்கும் மக்களே காரணம் என்பதைத்தான் நாம் என்றென்றும் சொல்லி வருகிறோம்.

வேற்று நாட்டார் பழைய வீட்டை எப்படி விற்கிறார்கள்? இங்கிலாந்திலே முந்நூறாண்டு கடந்த சிற்றில்லங்கள் ஊருக்கு ஊர் உண்டு. தலை இடிக்கும் உத்திரம், ஓர் அறைக்குள் நுழைந்து மறு அறைக்குப் போகவேண்டிய அமைப்பு, செங்கல் வைத்து அடைத்த சன்னல்! சன்னலை ஏன் அடைத்தார்கள்? 1696 முதல் 1851 வரை அங்கே சன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். வரிக்கு அஞ்சியோர் வெளிச்சத்தை அடைத்தார்கள். இன்று அந்த வீட்டை வாங்க வருபவர், அடைபட்ட சன்னலைக் கண்டு அலறி ஓடுவதில்லை. வரலாறு என்று விளங்கிக்கொள்கிறார். கட்டட ஆய்வாளரை அழைத்து ஈரத்தையும் மரத்தின் உளுப்பையும் கூரையின் நிலையையும் எழுதி வாங்குகிறார். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பாதுகாப்புப் பட்டியலிலே அந்த வீடு இருந்தால், இசைவின்றி இடிக்கவும் மாற்றவும் இயலாது. அங்கும் 13 என்ற எண்ணுக்கு அஞ்சுவோர் உண்டு. மடமைக்கு நாடு ஏது! எனினும் கோணலான வீட்டின் நலிவைக் கூற அங்கே அழைக்கப்படுபவர் கட்டடம் கற்றவர். இங்கே?

பழைய வீட்டிலே குற்றமே இல்லையென்று நாம் வாதாடவில்லை. பழமை என்பதற்காகவே போற்றும் கூட்டமல்ல நாம். குற்றம் உண்டு, ஆனால் அதைத் திசைகாட்டி காட்டாது. அந்த நீண்ட வீட்டின் கொல்லைக் கோடியிலே ஓர் எடுப்புக் கக்கூசு இருந்தது. அதன் பின்னே ஒரு குறுகிய சந்து இருந்தது. எதற்காக? மனிதனின் மலத்தை மனிதன் அள்ளிச் செல்ல! முன்வாசலிலே அவன் நிழல் விழக்கூடாதென்று பின்னே வெட்டிய வழி. அதனருகே இருளடைந்த ஒரு சிற்றறை. மாதவிலக்கான பெண்ணை மூன்று நாள் தள்ளிவைக்க. திண்ணை வரை வரத்தக்கவர், ரேழி வரை வரத்தக்கவர், கூடம் வரை வரத்தக்கவர் என்று சாதிக்கொரு வாசற்படி! கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலே ஒரு சட்டமும் 2013இலே இன்னொரு சட்டமும் தேவைப்பட்ட நாடு இது. ஈசானியத்திலே படிக்கட்டு இருப்பதைக் கண்டு பதறுகிறவர், இந்தச் சந்தைக் கண்டு என்றேனும் பதறியதுண்டா? அதுவல்லவா தோசம்! அதற்கல்லவா பரிகாரம் தேடியிருக்கவேண்டும்!

ஆகவே, பழைய வீடு வாங்க விழையும் தோழர்களே! கேட்கவேண்டியதைக் கேளுங்கள். தாய்ப்பத்திரம் எங்கே? வில்லங்கச் சான்றிலே அடமானம் உண்டா? பட்டா யார் பெயரிலே? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டிலே பிறந்த பெண்மக்கள் கையெழுத்திட்டார்களா? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இலே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கியது. பூர்வீகச் சொத்திலே, அன்று மணமாகாதிருந்த மகளிர்க்கு மகனுக்கு நிகரான பங்கு 1989இலே தமிழ்நாட்டிலே சட்டமாயிற்று. 2005இலே எல்லா மகளிர்க்கும் நாடு முழுவதும் அவ்வுரிமை விரிந்தது. மகளின் கையெழுத்து விடுபட்ட பத்திரம் நாளை உங்களை நீதிமன்றத்தின் படிக்கட்டிலே ஏற்றும். அது எந்த மூலையிலே இருந்தாலும் ஆபத்தான படிக்கட்டு!

அடுத்து, கொத்தனாரை அழையுங்கள், தச்சரை அழையுங்கள். உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்திலே ஈரம் உண்டா, கறையான் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசி, மூச்சு விடாமல் அடைத்து, உள்ளீரத்தைச் சிறைப்படுத்தியிருக்கிறார்களா என்று சோதியுங்கள். முற்றத்து மழைநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். வாஸ்துக்காரர் சொன்னார் என்று நடுச்சுவரை மட்டும் உடைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வீட்டைத் தாங்குவது கான்கிரீட்டுத் தூண் அல்ல, அந்தச் சுவரேதான். இல்லாத தோசத்தைத் தீர்க்கப்போய், இருக்கும் கூரையைத் தலையிலே போட்டுக்கொள்ளவேண்டாம்!

விற்போரே! உங்களுக்கும் ஒரு சொல். வாஸ்து வலையிலே வீழாதீர். தகடு வாங்கிப் பதிக்காதீர். வீட்டின் வயதையும் மரத்தின் தரத்தையும் பத்திரத்தின் தெளிவையும் எடுத்துக்காட்டிப் பேசுங்கள். "நம்மவருக்கு மட்டும் விற்பேன்" என்று சாதி பார்த்து வாசலை அடைக்காதீர்கள். கேட்டவர்க்கெல்லாம் கதவைத் திறந்தால் விலையும் உயரும், நீங்களும் உயர்வீர்கள். ஒரு காலத்திலே திண்ணையோடு நிறுத்தப்பட்டவனின் பேரன் இன்று படித்து, பொருளீட்டி, அந்தக் கூடத்தை விலை கேட்டு வருகிறான். அவன் பெயரிலே பத்திரம் பதிவாகும் நாளே அந்த வீட்டுக்கு நன்னாள்!

பின்சந்துக் கதவை அடைத்துவிட்டு, முன்வாசலை அகலத் திறந்துவைப்போம். இருட்டறைச் சுவரிலே ஒரு சன்னல் வைப்போம். குற்றம் மனையிலே இல்லை, மனத்திலே. மனத்தைத் திருத்தினால் மனை எத்திசை நோக்கினாலும் நல்ல மனையே!