உடைந்தது பிளாஸ்டிக், வேன் அல்ல!

அமராவதிபுதூரில் ஒரு பழைய வேன். தினமும் காரைக்குடிக்கு ஓடும். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு கல்யாணச் சாமான், காய்கறி மூட்டை, கோயிலுக்குப் போகும் குடும்பம். எது கிடைத்தாலும் ஏற்றிக்கொள்ளும். என்ஜின் நன்றாக இருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. ஆனாலும் நான்கு நாள் அந்த வேன் ஓடவில்லை.

காரணம் என்ன? டாஷ்போர்டில் மீட்டரைத் தாங்கிய பிளாஸ்டிக் சட்டம் உடைந்துவிட்டது. மீட்டர் தொங்கியது.

"அந்தத் துண்டு மட்டும் வராதுண்ணே. முழுசா மாத்திடுங்க" என்றார்கள் கடையில். விலையைக் கேட்ட டிரைவருக்குத் தலை சுற்றியது. கையளவு துண்டுக்கு ஒரு மாதச் சம்பாத்தியமா?

இது நியாயமா? இல்லை என்பதே என் கருத்து. ஒட்டக்கூடியதை ஒட்டத்தான் வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது.

ஏன் உடைகிறது?

எதிரி வெயில்தான். டாஷ்போர்டுகள் பலவற்றில் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் உண்டு. அது எளிதில் முறியாமல் இருக்க ரப்பர் துகள் கலந்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அந்த ரப்பர் கெட்டுப்போகிறது. கண்ணாடி மூடிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். பிளாஸ்டிக் அப்பளம்போல் ஆகிவிடும். அப்போது திருகாணியை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினாலும் போதும், பட்டென்று விட்டுவிடும்.

ஒட்டுவது எப்படி?

முதலில் உடைந்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பிளாஸ்டிக்கின் பெயர் எழுத்துகளாகப் பதிந்திருக்கும். 'ஏ.பி.எஸ்.' என்றால் நல்ல காலம். அசிட்டோன் என்ற திரவத்தில் அது கரையும். அதே ரகப் பிளாஸ்டிக் சில்லுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் தோசை மாவுபோல் பசை கிடைக்கும். பிளாஸ்டிக்கே பிளாஸ்டிக்கை ஒட்டும்!

'பி.பி.' என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. சாதாரணப் பசையும் பிடிக்காது. அதைச் சூட்டால்தான் உருக்கி இணைக்க வேண்டும்.

துண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். விரிசல் முடியும் இடத்தில் ஊசித்துளை போடுங்கள். விரிசல் மேலே ஓடாது. பின்பக்கத்தில் விரிசலோடு சிறு பள்ளம் கீறிப் பசையை நிரப்புங்கள். பாரம் தாங்கும் இடமானால், சால்டரிங் அயனால் மெல்லிய கம்பி வலையைச் சுட்டுப் பதியுங்கள். ஒரு நாள் முழுவதும் காயட்டும்.

சிறு ஓட்டைக்கு நொடியில் ஒட்டும் பசையும், ஆப்பத்துக்குப் போடும் சோடாவும் போதும். இரண்டும் சேர்ந்தால் கல்லாக இறுகும்.

எச்சரிக்கை! அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வைக்காதீர்கள். சூடான சால்டரிங் அயன் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த மூடியை ஒட்டவே கூடாது. ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்களும் அப்படியே. அங்கே புதிதுதான் போட வேண்டும். உயிரோடு சிக்கனம் கூடாது.

செட்டிநாட்டுப் புத்தி

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பழுது பார்ப்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரம் தேய்ந்தால் ஈயம் பூசினார்கள், தூக்கி எறியவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழைய தூண், பழைய கதவு, பழைய எனாமல் பாத்திரம். எல்லாம் மறு வாழ்வு கேட்டுக் காத்திருக்கின்றன; வாங்க வெளிநாட்டாரும் வருகிறார்கள். தேக்குக் கதவுக்கு ஒரு நீதி, பிளாஸ்டிக்குக்கு ஒரு நீதியா?

"பழைய வண்டி புகை கக்கும்; ஒழியட்டும்" என்பார்கள் சிலர். என்ஜின் கெட்டால், பிரேக் பிடிக்காவிட்டால், கட்டாயம் ஒழியட்டும். ஆனால் அந்தத் தீர்ப்பை என்ஜினைப் பார்த்துச் சொல்லுங்கள். உடைந்த மூடியைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

யார் செய்ய வேண்டும்?

கார் கம்பெனிகள் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்பதில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. வாகனங்களும் அதில் அடக்கம்.

நல்லதுதான். ஆனால் அமராவதிபுதூர் டிரைவருக்கு அது போதாது. சின்னத் துண்டு சின்ன விலைக்குத் தனியாகக் கிடைக்க வேண்டும். மாருதி ஆம்னி வேன் தயாரிப்பு 2019-ல் நின்றது. அதை வைத்துப் பிழைப்பவர்கள் நிற்கவில்லையே! தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் சொல்லித் தருகிறார்கள். பிளாஸ்டிக் ஒட்டும் வேலையையும் சேர்த்துச் சொல்லித் தரட்டும். ஒரு சால்டரிங் அயன், ஒரு மேஜை போதும். ஓர் இளைஞனுக்குப் பிழைப்பு உண்டு.

சரி, அந்த வேன் என்ன ஆயிற்று? செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் மூன்றாம் நாள் மாலை சட்டத்தை ஒட்டிக் கொடுத்தார். நான்காம் நாள் காய்ந்தது. ஐந்தாம் நாள் காலை பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். மீட்டர் நேராக நின்றது. ஒட்டிய தழும்பு மட்டும் தெரிகிறது.

தெரியட்டுமே! வேட்டியில் தையல் தெரிந்தால் வெட்கமா? கிழிசல் தெரிந்தால்தான் வெட்கம்.